ஓட மறுத்த வண்டிகள்

சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் சங்ககிரி மலைக்கோட்டையையும், நாமக்கல் ஊரின் நடுவே பெரும்பாறையின்மேல் நிற்கும் கோட்டையையும் குறிப்பிடுவது மரபு. அக்கோட்டைகளின் நிழலிலேயே இன்னொரு வரலாறும் வளர்ந்திருக்கிறது. அது லாரிகளின் வரலாறு; லாரிப் பட்டறைகளின் வரலாறு. அந்த வரலாற்றிலும் ஒரு சிறு பகுதியையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். வண்டி ஓடுவதைப் பற்றியும், ஓடிச் சம்பாதித்ததைப் பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். காலையில் வண்டி கிளம்ப மறுத்தபோது அதன் காரணத்தை நம் மக்கள் எவ்வாறு தேடிக் கண்டார்கள் என்பதைப் பேசியவர்கள் குறைவு. அந்தத் தேடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது வகுப்பறைக்கு வெளியே நடந்த ஒரு கல்வியின் வரலாறு என்று ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் கருதுகிறேன்.

இந்தச் சமவெளி ஏன் வண்டிகளின் நாடாயிற்று என்பதை முதலில் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர்வரை 1862ஆம் ஆண்டில் இருப்புப்பாதை முடிந்தபோது, அது சேலத்தையும் சங்ககிரியையும் தொட்டுச் சென்றது. நாமக்கல்லுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. சேலம்–கரூர் இருப்புப்பாதை நாமக்கல் வழியே திறக்கப்பட்டது 2013ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இவ்வூரின் விளைபொருளும் வாணிபமும் சாலையையே நம்பி இருந்தன. காவிரி பாயும் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பகுதிகளை விட்டுச் சற்று விலகினால், எஞ்சிய நிலம் பெரும்பாலும் மழையையும் கிணற்றையும் பார்த்திருக்கும் மேட்டு நிலம். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரைவிட்டு எழுந்த கைகளுக்குச் சாலைதான் வேலை கொடுத்தது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் ஊடுருவிச் செல்கிறது. சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் சாலை சங்ககிரியைக் கடக்கிறது. இச்சாலைகளின் ஓரத்தில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் எழுந்தன. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் பெருகின. சேலம் மாவட்டத்திலிருந்து 1997ஆம் ஆண்டின் முதல் நாளில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, அது லாரிக்கும் முட்டைக்கும் பேர்பெற்ற மாவட்டமாகவே பிறந்தது.

வண்டி இவ்வளவு முக்கியமான இடத்தில், வண்டி கிளம்பாமை என்பது சிறு தொல்லையாக இராது. கடன் வாங்கி ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு அது ஒரு நாள் வருமானம். சில சமயம் ஒரு மாதத் தவணை. ஆகவே காரணத்தை விரைவாகவும் செலவின்றியும் காண்பது இங்கே பிழைப்போடு ஒட்டிய கலையாயிற்று.

இயந்திரம் கிளம்புவதற்கு வேண்டியவை மூன்று. முதலாவது, அதை யாரேனும் ஒருவர் சுழற்றிவிட வேண்டும். உறங்கும் என்ஜின் தானாக விழித்துக்கொள்ளாது. இரண்டாவது, எரிபொருளும் காற்றும் உரிய அளவில் சிலிண்டருக்குள் சேரவேண்டும். மூன்றாவது, உரிய நொடியில் நெருப்புப் பற்றவேண்டும். சுழற்சி, உணவு, நெருப்பு என்று இம்மூன்றையும் சுருக்கிச் சொல்லலாம். கடந்த நூறாண்டு வரலாற்றில் இம்மூன்றையும் அளிக்கும் கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. கருவி மாறும்போதெல்லாம் பழுது ஒளியும் இடமும் மாறிற்று. தேடும் முறை மட்டும் மாறவில்லை. இதுவே என் பேச்சின் சாரம்.

தொடக்கக் காலத்தில் சுழற்சியை அளித்தது மனிதனின் கை. வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவார்கள். நம் ஊரில் இதற்கு 'ஹாண்டில் அடித்தல்' என்று பெயர். நெருப்பை அளித்தது மாக்னெட்டோ என்னும் கருவி. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் சுழல, மின்சாரம் பிறக்கும், பேட்டரியே வேண்டியதில்லை. ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தைச் சேர்ந்த காட்லாப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் 1902ஆம் ஆண்டளவில் உயர் அழுத்த மாக்னெட்டோவைச் செம்மைப்படுத்தினார். 1908ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' மாதிரி வண்டியும் மாக்னெட்டோ நெருப்பில்தான் ஓடியது.

தென்னாட்டில் மோட்டார்ப் போக்குவரத்துக்கு வழி வகுத்த முன்னோடிகளின் காலமும் இதுவே. மதுரையை நடுவிடமாகக் கொண்டு டி. வி. சுந்தரம் அய்யங்கார் முதல் உலகப்போருக்கு முன்பே பஸ் தொழிலில் இறங்கினார். கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். இப்பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. ஒவ்வொரு விடியற்காலையிலும் அந்த வண்டிகளின் முன் நின்று ஹாண்டில் அடித்த கிளீனர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

அவர்களுடைய தொழில் எளிதன்று. நெருப்பு உரிய நொடிக்கு முன்னே பற்றிவிட்டால், என்ஜின் தலைகீழாக ஒரு முறை உதைக்கும். ஹாண்டில் பின்னோக்கித் திரும்பி, பிடித்தவன் மணிக்கட்டை முறித்துவிடும். முன்கையின் ஆர எலும்பு இவ்வகையில் முறிவதற்கு ஆங்கில மருத்துவ நூல்கள் 'ஷோஃபர் முறிவு' என்றே பெயர் வைத்தன. ஷோஃபர் என்றால் மோட்டார் ஓட்டி. ஒரு தொழிலின் துன்பம் மருத்துவச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆகவே மூத்த டிரைவர் புதிய கிளீனருக்குச் சொல்லித்தந்த முதற்பாடம் ஒன்றுண்டு. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்கு எதிர்ப்புறமாக மடக்காதே. ஐந்து விரலும் ஒரே பக்கம் இருக்கட்டும். கீழ்நோக்கி அழுத்தாதே, மேல்நோக்கி இழு. அப்படிச் செய்தால் ஹாண்டில் உதைத்தாலும் கையை விட்டு வழுகிப் போகும். 1960களின் இறுதியில் சிறுவனாக இருந்த நான் இந்தப் பாடம் சாலையோரத்தில் நடப்பதைக் கண்டிருக்கிறேன்.

கையின் இடத்தை மின்சாரத்துக்குக் கொடுத்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் அமைத்த மின்மோட்டார் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அதைத்தான் நாம் 'செல்ஃப்' என்கிறோம். கெட்டரிங் 1909ஆம் ஆண்டில் டேட்டன் நகரில் நிறுவிய பொறியியல் ஆய்வுக்கூடத்தின் சுருக்கப் பெயர் டெல்கோ. பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை நம் நாட்டுப் பட்டறைகள் பலவற்றில் இன்றும் 'டெல்கோ' என்றே சொல்கிறார்கள். கடல்கடந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் பெயர், அதை ஒருபோதும் அறியாதவர்களின் நாவில் பொதுப்பெயராக வாழ்கிறது.

செல்ஃப் வந்த பிறகும் ஹாண்டில் உடனே ஓய்வு பெறவில்லை. பேட்டரி விலையுயர்ந்த பொருள். அது தளர்ந்த வண்டியை ஹாண்டிலால் கிளப்பினார்கள். அல்லது மாலையிலேயே மேட்டில் நிறுத்திவைத்து, காலையில் சரிவில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டுக் கிளப்பினார்கள். நிறுத்தும்போதே கிளப்புவதை எண்ணி நிறுத்தியவன்தான் தேர்ந்த டிரைவர் எனப்பட்டான்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. உணவின் முறை மாறிற்று. 1941ஆம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. பஸ்களின் பின்புறத்தில் ஆளுயர உருளைகள் முளைத்தன. அவற்றில் மரக்கரியை இட்டு, குறைந்த காற்றில் எரித்து, அதிலிருந்து எழும் வாயுவால் என்ஜினை ஓட்டினார்கள். டி. வி. எஸ். நிறுவனமும் இத்தகைய கரிவாயுக் கலம் ஒன்றை வடிவமைத்துத் தயாரித்தது. மக்கள் இவ்வண்டிகளைக் கரி பஸ் என்று அழைத்தனர்.

கரி பஸ்ஸைக் கிளப்புவது ஒரு வேள்விக்குச் சமானம். முதலில் கரியைப் பற்றவைக்கவேண்டும். கைவிசிறிச் சக்கரத்தைச் சுற்றி ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். சோதனைக் குழாயில் வரும் வாயு நின்று எரிகிறதா என்று பார்க்கவேண்டும். அதன் பிறகுதான் ஹாண்டில். அவ்வளவு பாடுபட்டுக் கிளப்பினாலும், அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். ஆகவே பெட்ரோலில் கிடைத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறைந்துபோகும். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிளம்ப மறுத்தால் தேடவேண்டிய இடங்களும் புதியவை: கரியில் ஈரம், வடிகட்டியில் சாம்பல், வால்வில் தார், குழாயின் இணைப்பில் ஒழுக்கு. இவற்றில் ஒழுக்கு மிகக் கொடியது. எரியும் பங்கில் பெரும்பகுதி கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய கொட்டகையில் வண்டியைக் கிளப்பக்கூடாது என்ற விதி அக்காலத்தில் ஆழமாக ஊன்றியது. எல்லா என்ஜின் புகையிலும் அந்த நஞ்சு உண்டு என்பதால், இன்றும் அந்த விதி செல்லும்.

போர் முடிந்தபின், படைகள் விட்டுச்சென்ற லாரிகளும் ஜீப்புகளும் ஏலத்துக்கு வந்தன. அவை பெட்ரோல் வண்டிகள். பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்சர், டெல்கோ, பிளக் என்று நெருப்பு செல்லும் வழி நீண்டிருந்தது. வழி நீண்டால் பழுது ஒளியும் மறைவிடங்களும் பெருகும். பட்டறையில் அந்த வழியைப் பின்னோக்கித் தொடர்ந்தார்கள். ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, என்ஜின் உடலுக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, சுழற்றச் சொல்வார்கள். நீல நிறத்தில் தடித்த பொறி பாய்ந்தால் நெருப்பின் வழி நன்று. இனி உணவைப் பார். பொறி மெலிந்து மஞ்சளாக இருந்தாலோ, இல்லவே இல்லையென்றாலோ, டெல்கோவுக்குப் போ. பாயிண்ட் கருகியிருக்கிறதா பார். பொறி நன்றாக இருந்தும் கிளம்பவில்லையென்றால், கழற்றிய பிளக்கின் முனையைப் பார். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி; உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஒரு பிளக்கின் முனை இவ்வளவு செய்தி சொல்லும்.

சேலத்துக் கோடை இதில் ஒரு தனி அத்தியாயம். சித்திரை வெயிலில் ஓடி நிறுத்திய வண்டி, தேநீர் குடித்து வருவதற்குள் கிளம்ப மறுக்கும். பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை அழுத்துமேயன்றி, பெட்ரோலை இழுக்காது. ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றி, கால் மணி பொறுத்தால் வண்டி கிளம்பும். இதைச் செய்த டிரைவர் ஆவியாதல் பற்றிய பாடம் படித்தவரல்லர். பாடத்தின் பயனை அறிந்தவர்.

விடுதலைக்குப் பின் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் நம் நாட்டிலேயே உருவாகத் தொடங்கின. 1948ஆம் ஆண்டில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. 1955ஆம் ஆண்டில் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1951ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பட்ட மைகோ பிளக்கும் டீசல் பம்பும் தந்தது. 1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட லூகாஸ்-டி. வி. எஸ். செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் தந்தது. நம் சமவெளியின் லாரித் தொழில் தழைத்தது இந்த டீசல் லாரிகளை நம்பித்தான்.

டீசல் என்ஜினில் பிளக் இல்லை, டெல்கோ இல்லை, பொறி இல்லை. ருடால்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய அந்த இயந்திரம், காற்றை மிகக் கடுமையாக அழுத்தியே சூடேற்றுகிறது. 15 முதல் 20 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்கு ஒடுக்கப்படும்போது அதன் வெப்பம் 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேலே ஏறுகிறது. அந்தக் காற்றில் பனிபோல் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

இதனால் தேடும் வழியில் இரு பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று, சுழற்சியும் நெருப்பும் ஒன்றாயின. மெல்லச் சுழன்றால் அழுத்திய காற்றின் சூடு சிலிண்டர்ச் சுவரில் கசிந்துவிடும், டீசல் பற்றாது. ஆகவே தளர்ந்த பேட்டரி பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டியை எளிதில் முடக்கியது. மார்கழி விடியலில் இது மேலும் தெளிவாகத் தெரியும். இரண்டு, உணவு செல்லும் குழாயில் காற்றுக் குமிழி புகுவது பெரும் குற்றமாயிற்று. டீசல் அழுந்தாத திரவம், காற்று அழுந்தும். குழாயில் காற்று இருந்தால், பம்ப் கொடுக்கும் அழுத்தத்தையெல்லாம் அந்தக் குமிழியே வாங்கிக்கொள்ளும், நாசில் திறக்காது. டாங்கி வற்றும்வரை ஓட்டியவனுக்கு வரும் தண்டனை இது. பரிகாரம்: ஃபில்டரின்மேல் உள்ள திருகைத் தளர்த்தி, கைபம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை விட்டு, திருகை இறுக்குவது. 'ஏர் எடுத்தல்' என்று இதைச் சொல்வார்கள். கிணற்றடி ஆயில் என்ஜினை ஓட்டிப் பழகிய விவசாயிக்கு இது புதிதன்று. வால்வைத் திறந்துவைத்து வேகம் வந்ததும் மூடுகின்ற நுட்பத்தையும், ஏர் எடுப்பதையும் வயலிலேயே கற்றவர்கள்தாம் பின்னர் லாரிக்கு வந்தார்கள். ஏருக்கும் லாரிக்கும் இடையே ஆயில் என்ஜின் ஒரு பாலமாக இருந்தது என்பது என் கருத்து.

தேடும் முறையின் மேன்மையை விளக்க, நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1980களின் இறுதியில் நாமக்கல்லுக்கு அருகே ஓர் ஊரில் ஆசிரியனாக இருந்தேன். அவ்வூரில் முட்டை ஏற்றிச்செல்லும் பழைய டீசல் பிக்-அப் வண்டி ஒன்று, ஒரு காலையில் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் 'டக்' என்ற ஓசை மட்டும் வந்தது. கூடியிருந்தோரில் ஒருவர் பேட்டரி போய்விட்டது என்றார். இன்னொருவர் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொன்னார். இரண்டுமே உரிமையாளரின் ஒரு மாத வருமானத்தை விழுங்கக்கூடிய யோசனைகள். அப்போது பக்கத்துப் பட்டறையிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. முகப்பு விளக்குகளைப் போடச் சொன்னார். அவை நன்றாக எரிந்தன. அவை எரியும்போதே சாவியைத் திருகச் சொன்னார். ஓசை வந்தது, விளக்கு மங்கவில்லை.

"பேட்டரி நல்லாத்தானுங்க சார் இருக்குது. வழிதான் எங்கயோ அடைச்சிருக்குதுங்க" என்றார் என்னைப் பார்த்து.

அவர் கண்ட காரணம் இது. பேட்டரி தளர்ந்திருந்தால், செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது விளக்கு மங்கி அணைந்திருக்கும். விளக்கு மங்கவில்லையென்றால், மோட்டார் மின்சாரத்தை இழுக்கவே இல்லை. பின்னர் டிரைவரைச் சற்று நேரம் சாவியைத் திருகிப் பிடிக்கச் செய்து, ஆக்சிலேட்டரிலிருந்து என்ஜினுக்குச் செல்லும் மெல்லிய இரும்புக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அது சுட்டது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அடுத்து, சோதனை பல்பின் ஒரு முனையை என்ஜின் உடலிலும், மறுமுனையை வண்டியின் சட்டத்திலும் வைத்துச் சாவியைத் திருகச் சொன்னார். எரியக்கூடாத இடத்தில் பல்ப் மங்கலாக எரிந்தது.

இரண்டும் ஒரே உண்மையைச் சொல்லின. பேட்டரியிலிருந்து சென்ற மின்சாரம் திரும்பிவரும் வழி, என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை. அது துருவேறித் தளர்ந்திருந்தது. பெருவழி அடைபட்டதால் மின்சாரம் ஆக்சிலேட்டர் கம்பி என்னும் ஒற்றையடிப் பாதையில் நெருங்கிற்று. அதனால் கம்பி சுட்டது. பட்டையைக் கழற்றி, இரு முனைகளையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்கினார்கள். வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது. செலவு ஓர் உப்புத்தாள்.

அன்று பத்தாம் வகுப்பில் ஓம் விதியை நடத்தினேன். ஜார்ஜ் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த விதியை மாணவர்கள் சூத்திரமாக மனப்பாடம் செய்திருந்தார்கள். கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். செல்ஃப் மோட்டாருக்கு 200 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். துருவின் தடை ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் அந்தத் துருவைக் கடப்பதற்கே எத்தனை வோல்ட் செலவாகும்? நான்கு வோல்ட். பன்னிரண்டில் நான்கு வழியிலேயே போய்விட்டால் மோட்டாருக்கு எஞ்சுவது எட்டு. விளக்குக்கு ஒரு சில ஆம்பியரே போதும். அதற்கு வேறு வழியும் உண்டு. ஆகவே அது மங்கவில்லை. அந்த வகுப்பில் பலருடைய தந்தையர் டிரைவர்கள். சூத்திரத்துக்கு உயிர் வந்ததை அவர்கள் முகத்தில் கண்டேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த அடிப்படை நெறிகளில் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. இன்னொன்று, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பது. அந்த முதியவர் செய்தது இவ்விரண்டையும்தான். கழற்றுவதற்கு முன் கேட்டார். கேட்பதிலும் எளிய கேள்வியை முதலில் கேட்டார். ஒவ்வொரு விடையும் பாதி வண்டியை ஐயத்திலிருந்து விலக்கிற்று. உறுப்பை மாற்றிப் பார்ப்பவன் ஊகத்துக்கு விலை கொடுக்கிறான். அந்த விலை அவனுடைய பணமன்று, வண்டிக்காரனுடைய பணம். முறையாகக் கேட்பவன் ஏழையின் பணத்தைக் காக்கிறான்.

வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. நாடு முழுவதும் 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரத் நான்காம் நிலைப் புகை விதியும், 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆறாம் நிலை விதியும் புதிய வண்டிகளுக்கு நடைமுறைக்கு வந்தன. நம் காற்றுக்கு அவை வேண்டியவையே. அவற்றை நிறைவேற்ற, டீசல் பீச்சும் நொடியையும் அளவையும் மின்னணு மூளை கணிக்கும் வண்டிகள் வந்தன. இவற்றில் ஹாண்டில் செருகும் துளையே கிடையாது. கிளம்பாவிட்டால் ஸ்கேனர் கருவியைச் செருகிப் பிழை எண்ணைப் படிக்கிறார்கள்.

பழைய பட்டறையின் கல்வி இனிப் பயனற்றது என்று இதனால் சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஸ்கேனர் சொல்வது அறிகுறியை; காரணத்தை அன்று. ஓர் உணர்கருவியின் அளவு குறைந்துள்ளது என்று அது சொன்னால், கெட்டது அந்தக் கருவியா, அதற்குச் செல்லும் கம்பியா, அல்லது பேட்டரியே தளர்ந்து எல்லா அளவும் பிறழ்ந்ததா என்று மனிதன்தான் கேட்கவேண்டும். மின்னணு மூளைக்கும் நல்ல எர்த் வேண்டும். அதன் கம்பி துருவேறினால், பத்துக் கருவிகளில் பழுது என்று அது கூக்குரலிடும். பத்தையும் விலைக்கு வாங்கிப் பொருத்தியபின்னும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சுழற்சி, உணவு, நெருப்பு என்ற மூன்று கேள்விகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

மாறியிருப்பது கற்கும் வழி. முன்னர்க் கிளீனராகச் சேர்ந்த பையன் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்து, ஹாண்டில் அடித்து, பாயிண்ட் தேய்த்து, சில ஆண்டுகளில் மெக்கானிக் ஆனான். அந்த வழியில் பல கொடுமைகள் இருந்தன. படிக்கவேண்டிய வயதில் பல பிள்ளைகள் பட்டறையில் இருந்தார்கள். அது மீண்டும் வரவேண்டும் என்று எந்த ஆசிரியனும் விரும்பமாட்டான். இன்று அப்பிள்ளைகள் பள்ளிக்கும், தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் வருகிறார்கள். அது நமக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் பழைய பட்டறையில் இருந்த அறிவு அவர்களோடு சேர்ந்து பள்ளிக்கு வரவில்லை. அது எழுதப்படாத அறிவு. அதைத் தாங்கிய முதியவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். சுட்ட கம்பி எதைச் சொல்கிறது, மங்காத விளக்கு எதைச் சொல்கிறது, நனைந்த பிளக் எதைச் சொல்கிறது என்பவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது, கல்வெட்டைப் படியெடுப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த பணியன்று.

நேயர்களில் ஆசிரியர்கள் இருப்பின், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாமக்கல்லிலும், திருச்செங்கோட்டிலும், சங்ககிரியிலும், ராசிபுரத்திலும் பள்ளியின் சுற்றுச்சுவருக்கு அப்பால் ஏதேனும் ஒரு பட்டறை இருக்கும். ஆண்டுக்கு ஒரு நாள் அங்குள்ள மூத்த மெக்கானிக்கை வகுப்புக்கு அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, மாணவர்களைக் கேள்வி கேட்கச் செய்யுங்கள். பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அவர் அளந்துகாட்டட்டும். பல்பு ஏன் எரியக்கூடாத இடத்தில் எரிந்தது என்பதை மாணவர்கள் விளக்கட்டும். அவர் சொன்னதை அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, அந்த ஏட்டைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.